தூத்துக்குடி–சென்னை விமானம் ரத்து: டிக்கெட் பணம் மட்டும்தானா, நஷ்டஈடும் உண்டா?

பெருமாள்புரம் அம்மா:
வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளைக் கோவா கூட்டிப் போக, சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் டிக்கெட் எடுத்திருந்தோம். சனிக்கிழமை காலை 9:05க்கு வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை. மத்தியானம் அங்கிருந்து வேறொரு கம்பெனி விமானத்தில் கோவா. நாங்கள் நாலு பேர். டிக்கெட் போட்டுக் கொடுத்தது எங்கள் தெருமுனை டிராவல்ஸ்.

காலை 6 மணிக்கு வண்டி ஏறிவிட்டோம். வல்லநாடு ஆற்றுப் பாலத்தில் போகும்போது டிராவல்ஸ் தம்பி போன் பண்ணினார். “அக்கா, விமானம் ரத்தாம். ராத்திரி 10:40க்கே மெசேஜ் வந்திருக்கு, நான் இப்பதான் பாக்கேன்” என்றார். சின்னவள் கடற்கரைக்கு வாங்கிய புதுத் தொப்பியை அப்போதே தலையில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பாதி வழி வந்தாயிற்று, கேட்டே பார்ப்போம் என்று விமான நிலையம் போனோம். கவுண்டரில் “இயக்கக் காரணம்” என்று மட்டும் சொன்னார்கள். அன்றைய மற்ற விமானங்களில் இடமில்லையாம், மறுநாள் இதே நேரம் தருகிறோம் என்றார்கள். கோவாவில் மூன்று ராத்திரிதான் ரூம். சென்னை–கோவா டிக்கெட்டும் போய்விட்டது. வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

இப்போது வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டோம், டிக்கெட் பணம் தவிர வேறு எதுவும் கிடையாது என்கிறார்கள். அந்தப் பணத்தையும் அவர்கள் கணக்கிலேயே வரவு வைத்து, ஒரு வருஷத்துக்குள் அவர்கள் விமானத்திலேயே பயன்படுத்திக்கொள்ள வேண்டுமாம். இது சரிதானா?

மேலப்பாளையம் கடைக்காரர்:
எனக்குத் தெரிந்து ஒன்றும் கிடைக்காது அம்மா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எனக்கும் இதே தூத்துக்குடி விமானம் ரத்தானது. டிக்கெட் பணம் வந்தது, அதோடு சரி. நஷ்டஈடு கேட்டதற்கு மழை எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

வாகைகுளம் வழி:
அண்ணாச்சி, உங்கள் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், மோசமான வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் உத்தரவு என்று கம்பெனியின் கைமீறிய காரணமாக இருந்தால் நஷ்டஈடு கிடையாது. டிக்கெட் பணம் மட்டும் எந்தக் காரணமானாலும் திரும்ப வர வேண்டும்.

இந்த அக்கா விஷயம் வேறு. திரும்ப வர வேண்டிய டிக்கெட் பணம் ஒன்று, நஷ்டஈடு இன்னொன்று. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். நாம்தான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, அதாவது டிஜிசிஏ விதி, இதைத் தெளிவாகச் சொல்கிறது. ரத்து என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அதற்குள் சொன்னால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லி, மாற்று விமானமோ பணமோ பயணிக்குப் பிடித்ததைத் தர வேண்டும். 24 மணி நேரம்கூட இல்லாமல் ரத்து செய்து, நமக்கு ஒத்துவரும் மாற்று விமானமும் தராவிட்டால், டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் சேர்த்துத் தர வேண்டும். காலை 9:05 விமானத்துக்கு முந்தின ராத்திரி 10:40க்குச் சொன்னால் பத்தரை மணி நேரம்கூட இல்லை. இதை முன்கூட்டியே என்று எப்படிச் சொல்ல முடியும்?

தொகை பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் முழுதும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தொகை அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அதுதான். தூத்துக்குடி–சென்னை ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும், ஆகவே 7,500 வரிசை. டிக்கெட்டை எடுத்து அந்த இரண்டு வரியையும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர், யாருடைய மெயில் இருக்கிறது? பயணி சரியான தொடர்பு விவரம் கொடுக்கவில்லை என்றால் நஷ்டஈடு கிடையாது என்று அதே விதியில் இருக்கிறது. டிராவல்ஸ்காரர்கள் அவசரத்தில் எல்லோருக்கும் தங்கள் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். பலருக்கு வினை அங்கேதான்.

பெருமாள்புரம் அம்மா:
பார்த்துவிட்டேன். போன் நம்பர் டிராவல்ஸ் தம்பியுடையதுதான். ஆனால் மெயில் என் வீட்டுக்காரருடையது. அதிலும் ராத்திரி 10:52க்கு வந்து கிடக்கிறது, நாங்கள் தூங்கிவிட்டோம். ஒரு டிக்கெட் மொத்தம் 4,860. அதில் அடிப்படை 3,450, எரிபொருள் 400 என்று போட்டிருக்கிறது. தம்பி நல்லவர்தான், இப்போது “நானே கேன்சல் போட்டு வாங்கித் தாரேன்க்கா” என்கிறார்.

வாகைகுளம் வழி:
கேன்சல் போட விடாதீர்கள்! பயணி ரத்து செய்ததாகப் பதிவாகிவிட்டால் பிடித்தம் போகும், நஷ்டஈட்டுக்கும் பிடி போய்விடும். கம்பெனி ரத்து செய்த டிக்கெட் அப்படியே இருக்கட்டும், முழுத்தொகை திரும்ப வேண்டும் என்று மட்டும் தம்பி எழுதட்டும்.

மெயில் உங்கள் வீட்டுக்காரருடையது என்றால் நல்லது. 10:52 தெரியும்படி அந்த மெயிலைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கு: தலைக்கு 3,850 நஷ்டஈடு, நாலு பேருக்கு 15,400. டிக்கெட் பணம் 19,440 தனி.

பணத்தைத் தங்கள் கணக்கிலேயே வரவாக வைப்பதா, கையில் வாங்குவதா என்பது பயணியின் விருப்பம். கம்பெனி தானாக முடிவு செய்யக் கூடாது என்று விதியே சொல்கிறது.

வள்ளியூர் தம்பி:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ரத்து இல்லை, ஐந்து மணி நேரம் தாமதம். அதற்கு ஏதாவது வருமா?

வாகைகுளம் வழி:
தம்பி, உள்நாட்டுத் தாமதத்துக்கு ரொக்கமாக இவ்வளவு என்று அந்த விதியில் இல்லை. இந்த மாதிரிக் குறுகிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, தண்ணீர் தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ முழுப்பணமோ கேட்கலாம். 24 மணி நேரம் தாண்டினாலோ, இரவு 8 மணியிலிருந்து 3 மணிக்குள் கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ ஓட்டல் ரூம். ஐந்து மணி நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

சமாதானபுரம் வக்கீல் குமாஸ்தா:
மகளே, கடிதத்தில் கதை எழுத வேண்டாம். பிஎன்ஆர் எண், தேதி, கிளம்ப வேண்டிய நேரம், தகவல் வந்த நேரம், மாற்று விமானத்தை ஏற்கவில்லை என்பது, இரண்டு தொகைகள், வங்கிக் கணக்கு. ஒரு பக்கம் போதும். “இயக்கக் காரணம் என்றால் என்ன என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். விமானி இல்லை, விமானம் கோளாறு என்பதெல்லாம் வெள்ளத்தோடு சேராது. அன்று அதே ஓடுதளத்திலிருந்து வேறு விமானம் கிளம்பியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கோவா ரூம், சென்னை–கோவா டிக்கெட் நஷ்டம் இந்த 15,400க்குள் வராது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் மேல்பயணமும் முதல் கம்பெனியின் பொறுப்பாக இருந்திருக்கும். நீங்கள் தனித்தனியாக எடுத்துவிட்டீர்கள். ஆனாலும் அந்த நாலு டிக்கெட்டில் விமான நிலைய வரிகள் இருக்கும். பயணி ஏறவே இல்லை என்றாலும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். டிராவல்ஸ் தம்பியிடம் சொல்லி இரண்டாவது கம்பெனியிடம் கேளுங்கள். டிக்கெட்டோடு பயணக் காப்பீடு ஏதும் போட்டாரா என்றும் பாருங்கள்.

பெருமாள்புரம் அம்மா (ஏழு வாரத்துக்குப் பிறகு):
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

முதல் கடிதத்துக்கு வந்தது அச்சடித்த பதில், வருந்துகிறோம் என்று. ஏர்சேவாவில் போட்ட ஒன்பதாம் நாள் போன் வந்தது. தலைக்கு 3,000 ரூபாய்க்கு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வவுச்சர் வேண்டாம், விதிப்படி 3,850 வங்கியில் போடுங்கள், இல்லை என்றால் எந்த விதியில் மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றேன். பேசும்போது கை நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் 15,400 வந்துவிட்டது. டிக்கெட் பணம் 19,440 டிராவல்ஸ் தம்பி மூலம் வந்தது. அவர் சர்வீஸ் சார்ஜ்கூட எடுக்கவில்லை. இனி எல்லோருக்கும் அவரவர் நம்பரையே போடுகிறேன் என்றார். கோவா டிக்கெட்டில் வரி மட்டும் திரும்பியது. காப்பீடு போடவில்லை.

ரூம் பணம் 11,200 நிற்கிறது. அதை விட மனசில்லை. ஆணையத்தில் போடலாம் என்றிருக்கிறேன். நேரில் போக வேண்டுமா?

சமாதானபுரம் வக்கீல் குமாஸ்தா:
நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்திலேயே பதியலாம். புகாரோடு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வேண்டும், நோட்டரி கையெழுத்தோடு. ரூம் ரசீதில் பணம் திரும்பாது என்று இருக்கும் பக்கம், வந்த மெயில், 15,400 வரவான வங்கிப் பக்கம் மூன்றையும் சேருங்கள். வாங்கியதை மறைக்காமல் வாங்கினேன் என்றே எழுதுங்கள். வாசகம் தயாரானதும் பெயர், நம்பரெல்லாம் அடித்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.