பொருள்: 'கவரிங்' என்பதற்கு 'அடக்கிவாசிப்பு'

கலைச்சொல் குழு அன்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் பொதுவாழ்வில் எதிர்கொள்ளும் நெருக்கடிகளைக் குறிக்கும் சொற்களில், ஆங்கிலத்தின் 'கவரிங்' (covering) என்பதற்குத் தமிழில் 'மறைப்பு' போதும் என்று தேவகோட்டை நண்பர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இச்சொல்லைக் கையாண்டபோது, ஒளித்துவைத்தலிலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்தார். ஒளிப்பவரைப் பற்றி ஊருக்குத் தெரியாது. இங்கோ ஊருக்குத் தெரியும், தெரிந்தாலும் அது கண்ணை உறுத்தாதபடி அவர் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சட்டப் பேராசிரியர் கென்ஜி யோஷினோ 2006-இல் இக்கருத்தை விரித்தெழுதியபோது அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூசுவெல்ட்டை எடுத்துக்காட்டினார். அவருடைய சக்கர நாற்காலியை அமைச்சர்கள் அறிவார்கள். ஆயினும் அவர்கள் வருமுன்பே அவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்துவிடுவார். இதை மறைப்பு என்றால், யாரிடமிருந்து மறைத்தார் என்ற கேள்வி எழும்.

'கவரிங்' என்றே எழுதலாம் என்பாருக்கு: அது நம் கடைத்தெருவில் முலாம் பூசிய நகை. ஏற்கெனவே இம்மக்கள்மீது சுமத்தப்படும் 'போலி' என்ற பழியை நாமே சொல்லில் ஏற்றிவிடுவோம். 'மூடாக்கு' என்பதை, மண்ணை இலைதழையால் மூடுவதைக் குறிக்க வேளாண் துறையினர் முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

நான் முன்வைப்பது 'அடக்கிவாசிப்பு'.

இதற்கான வாக்கியம் நம் வீடுகளில் அன்றாடம் புழங்குகிறது. சென்னையில் தன் இணையரோடு வாழும் ஒருவரை, எல்லாம் அறிந்த பெரியவர்களே இங்கே ஒரு கல்யாணத்துக்கு அழைத்தார்கள். "வாப்பா, ஆனால் கொஞ்சம் அடக்கி வாசி, அந்தக் காதுக் கடுக்கனைக் கழற்றிவிட்டு வா" என்பதும் அழைப்போடு சேர்ந்தே வந்தது. அந்தப் பெரியவர்களின் வீட்டு வளவுச் சுவரில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களில், காதில் கடுக்கன் இல்லாத ஆண்மகனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே உறுத்தியது கடுக்கன் அன்று, அது யார் காதில் இருக்கிறது என்பதே.

அடக்கி வாசித்தல் விவேகத்தையும் குறிக்குமே, இதில் நெருக்கடி எங்கே என்று பள்ளத்தூர் அம்மையார் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இவ்வழக்கு பெரும்பாலும் ஏவலாகவே வருவதைக் கவனியுங்கள். சொல்பவர் ஒருவர், அடங்குபவர் இன்னொருவர். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. சட்டத்துக்கு அஞ்சி ஒளிய வேண்டியது அத்தோடு நீங்கிற்று, வீட்டாருக்காகவும் அலுவலகத்துக்காகவும் அடங்க வேண்டியது நீங்கவில்லை. ஏவுதலைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் 'அடக்கிவாசிப்பு நெருக்கடி' என்று எழுதலாம்.

எதிர்த்திசை நெருக்கடியும் உண்டு. "உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்பதைப் பாராட்டாகச் சொல்பவர், நளினமும் குழைவுமாகச் சினிமா நகைச்சுவைக் காட்சி வார்த்துக் கொடுத்த ஆளைத் தேடுகிறார். ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' எனப்படும் அந்த வார்ப்புக்கு 'அச்சுப்படிமம்' பொருந்தும். 'வார்ப்புரு' கணினித் துறையில் 'டெம்ப்ளேட்' என்ற வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ஒருவரே அச்சுப்படிமத்துக்கு ஒத்துவராததற்கும் அடக்கிவாசிக்காததற்கும் ஒருசேர ஏச்சு வாங்குவதால், இரு சொற்களையும் ஒரே பதிவில் தரலாம்.

பதிவுக்கான வரைவு: 'அடக்கிவாசிப்பு: பிறர் அறிந்த தன் அடையாளத்தை, அவர்களை உறுத்தாதபடி உடை, பேச்சு, உறவு ஆகியவற்றில் தணித்துக் காட்டல்.' கலைச்சொல்லாக வரும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவோம். 'தணித்து' என்பதைவிடத் தக்க வினை இருந்தால் தெரிவிக்கவும்.