மறுமொழி: மொத்த ஏற்றமா, ஏற்றத்தொகையா? (கலைச்சொல் மடல்கள்; எழுதுபவர் பெயருக்குப் பதில் ஊர்)

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் நடைவழி வரைபடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேணும். ஒரு சொல்லில் நிற்கிறது. ஃபார் இன் என்ற இடத்தில் புறப்பட்டு, சின்ன உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு செங்குத்துப் பாறை விளிம்புகளும் பேக்கர் அருவியும் பார்த்து அங்கேயே வந்து சேரும் சுற்று, ஏறத்தாழ 9.5 கி.மீ. தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்பதால் நிகர உயர மாற்றம் சுழியம். ஆனால் இடையில் ஏறினதை மட்டும் கூட்டினால் ஒரு எண் வருமே, அந்த 'எலிவேஷன் கெய்ன்' தான் சிக்கல். ஒரு செயலியில் 'உயர ஆதாயம்' என்று கிடக்கிறது. வட்டிக்கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது.
– பதுளை

ஏற்றத்தொகை. ஒரே சொல், புணர்ச்சியும் சுத்தம்.
– கோவை

ஏற்றம் என்றதும் கிணற்று ஏற்றமும் விலையேற்றமும்தான் நினைவுக்கு வரும். மலையேறுவதற்குச் சங்கச்சொல் இருக்கிறது: இவர்தல். கொடி கொம்பில் இவரும், ஆள் குன்றில் இவர்வான். 'இவர்வு' என்க.
– மதுரை

ஐயா, பலகையில் 'இவர்வு' என்று போட்டால், யார் இவர் என்று கேட்பார்கள்.
– கோவை

சொல் இருக்கட்டும், எண் எப்படி வந்தது? செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் ஜிபிஎஸ்ஸில் கிடைநிலைப் பிழையைவிட உயரப் பிழை அதிகம். ஆள் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாலும் பதிவில் உயரம் மூன்று மீட்டர் ஏறும், இறங்கும். ஏறினதெல்லாம் கணக்கில் சேரும். 5 அல்லது 10 மீட்டருக்குக் குறைந்த அசைவைத் தள்ளிவிட வேண்டும். உயரத்தைச் செயற்கைக்கோள் உயரத்தரவிலிருந்து எடுத்தால் வேறு வம்பு: அதில் நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம்தான் இருக்கும். உலக முடிவில் பாதை விளிம்பையொட்டிப் போகிறது. ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த கட்டத்தில் விழுந்தால் ஆள் பாறைக்குக் கீழே போய்த் திரும்பி ஏறினதாகக் கணக்கு காட்டும். அந்தப் பகுதியைக் கையால் திருத்துங்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் காற்றழுத்தமானிக் கடிகாரம் நல்லது, ஆனால் அந்த உயரத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே காட்டும் உயரம் சுமார் 10 மீட்டர் மாறும். வெப்பமண்டலத்தில் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சம், மாலை நான்கு வாக்கில் தாழ்வு. மேசையில் வைத்த கடிகாரமும் மத்தியானத்தில் மலையேறும். ஃபார் இன்னுக்குத் திரும்பியதும் தொடக்க உயரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நேர அளவில் பங்கிட்டுக் கழியுங்கள்.
– சென்னை

ஏறு என்ற வேர் கன்னடத்திலும் மலையாளத்திலும் உண்டு. அதை விடக் கூடாது. ஏற்றிழிவு என்றொரு பழந்தொடரும் இருக்கிறது. ஏறுவதையும் இழிவதையும், அதாவது இறங்குவதையும், அதில் சேர்த்தே சொல்லலாம்.
– திருச்சி

'இழிவு' என்று வழிகாட்டிப் பலகையில் எழுத என்னால் ஏலாது. தோட்டத்துச் சனம் 'ஏத்தம்' என்றுதான் சொல்லும். 'மொத்த ஏற்றம்', 'மொத்த இறக்கம்' என்று போடுகிறேன். 10 மீட்டருக்குக் குறைந்த அசைவு சேர்க்கப்படவில்லை என்று அடிக்குறிப்பும் வரும். மூன்று பேர் சரி என்கிறீர்கள்.
– பதுளை

நான் சரி என்று சொல்லவில்லை. 'மொத்தம்' தமிழ்தானா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.
– மதுரை