டர்னரின் டெமரேர் ஓவியம்: அந்தி வானம் ஏன் சேறாகிறது?

கேள்வி: பழைய போர்க்கப்பல் ஒன்று அந்தி நேரத்தில் இழுத்துச் செல்லப்படுவதைக் காட்டும், ஆங்கில ஓவியர் டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ (1839) ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் படியெடுக்கும்போது, ஆரஞ்சும் நீலமும் சந்திக்கும் இடம் சாம்பல் பூத்துவிடுகிறது. வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: இரண்டும் எதிர் நிறங்கள், ஈரத்தில் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் மஞ்சள் விடுங்கள். காய்ந்தபின் ஆரஞ்சை கண்ணாடி போல அடிநிறம் தெரியும் மெல்லிய பூச்சாக மேலே ஏற்றுங்கள். ‘டைட்டானியம் வெள்ளை’ வண்ணத்தைச் சேர்த்தால் நிறம் குளிர்ந்துவிடும். வெளிச்சம் வேண்டுமென்றால், துணியில் முதலில் பூசிய வெள்ளைத் தளத்தையே நம்புங்கள். டர்னரும் வெள்ளைத் தளத்தில்தான் வேலை செய்தார்.

பதில் 2: சூரியனைச் சுற்றி வண்ணம் தடிப்பாக இருக்கட்டும், கப்பலின் கயிறுகள் நுணுக்கமாக. கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் எண்ணெய் குறைந்தால் வண்ணம் பின்னாளில் விரிசல் விடும்.

பதில் 3: சூரியனை மட்டும் பார்க்காதீர்கள். சோகம் இருப்பது இடப்பக்கக் குளிர்ச்சியில்: மேலே பிறை, கீழே ஆவி போல வெளிறிய கப்பல், அதை இழுக்கும் கரிய நீராவிப் படகு. அந்தக் கருமையைத் தயங்கி நீர்க்கச் செய்தால் சூரியனும் மங்கிவிடும். இன்னொன்று, 1838இல் இழுத்துச் செல்லப்பட்டபோது கப்பலில் பாய்மரங்களே இல்லை. டர்னர் வேண்டுமென்றே அவற்றை வரைந்து சேர்த்தார்!