பாக்கெட் பால் திரிந்துகொண்டே இருக்கிறது, எந்தப் பாலுக்கு மாறலாம்? (வேலூர், அவசரம்)

சத்துவாச்சாரி_அம்மா · காலை 9:40
வணக்கம். கொஞ்ச நாளாகவே பாக்கெட் பால் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. இன்றைக்கும் போச்சு. வீட்டுக்காரர் டீ குடிக்காமல் வேலைக்குப் போனார், பிள்ளைக்குக் கொடுக்கவும் பால் இல்லை. இந்தக் கத்திரி வெயிலுக்குத் தாங்குகிற பால் எது? டெட்ரா பேக் வாங்கலாமா, பால் பவுடரா, இல்லை மாடு வைத்திருப்பவரிடமே வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோட்டைவாசல் · காலை 9:52
பால் எத்தனை மணிக்கு வருகிறது? வந்த உடனே காய்ச்சுகிறீர்களா, ஃப்ரிட்ஜில் வைத்து அப்புறம் காய்ச்சுகிறீர்களா? நீலமா, பச்சையா, ஆரஞ்சா? கம்பெனி பெயர் வேண்டாம், இதெல்லாம் மட்டும் சொல்லுங்கள் அக்கா.

முள்ளுக்கத்தரி · காலை 9:55
பிள்ளைக்கு என்ன வயது? ஒரு வயதுக்குள் என்றால் பாக்கெட் பாலோ பசும்பாலோ தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கூடாது. மாற்றுப் பால் பற்றி இங்கே கேட்காமல் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

மக்கன்பேடா · காலை 10:03
ஃப்ரிட்ஜ்தான். சந்தேகமே வேண்டாம். பாலைக் கதவில் வைக்கிறீர்கள், சரியா? கதவுதான் ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம், திறக்கிற ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று அங்கேதான் அடிக்கும். பாலை உள்ளே, பின்பக்கம் தள்ளி வையுங்கள். அப்புறம் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் 4 டிகிரி பக்கம் காட்டணும். 9, 10 காட்டினால் எந்தக் கம்பெனி பால் வாங்கினாலும் இதே கதைதான்.

ஆரணிப்பட்டு · காலை 10:11
பாத்திரத்தைப் பார்த்தீர்களா? முந்தின நாள் பால் காய்ச்சிய பாத்திரத்தில் விளிம்புக்குக் கீழே ஆடை ஒட்டிக் காய்ந்திருக்கும். சும்மா அலம்பினால் அது போகாது. புளிக்குழம்பு வைத்த பாத்திரம் என்றாலும் ஆபத்து. எங்கள் மாமியார் பாலுக்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார், அதில் வேறு எதையும் ஊற்ற விடமாட்டார். பழைய பால் மிச்சத்தைப் புதுப் பாலோடு சேர்த்துக் காய்ச்சுவதும் கூடாது.

வாலாஜா_டீக்கடை · காலை 10:19
தனியாகக் காய்ச்சும்போது திரிகிறதா, டீ போடும்போதா? இஞ்சி டீ என்றால் இஞ்சியைப் பச்சையாகப் பாலில் போடாதீர்கள். இஞ்சிக்குப் பாலைத் திரிய வைக்கிற குணம் உண்டு, நல்ல பாலையே கெடுத்துவிடும். முதலில் தண்ணீரில் இஞ்சியையும் தூளையும் கொதிக்கவிட்டு அப்புறம் பால் ஊற்றணும். வெல்லம் போட்டாலும் சில நேரம் திரியும், அதை இறக்கின பிறகுதான் சேர்க்கணும்.

நிதானம் · காலை 10:31
இந்தக் குழுவில் கேள்வி கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கச் சொல்லி மேலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் விவரமே இல்லாமல் வருகிறது. ‘பால் திரிகிறது’ என்பது தகவல் ஆகாது. அடிப்படையில் பாக்கெட் பாலைக் காய்ச்சவே தேவையில்லை. பாஸ்டரைசேஷன் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வாருங்கள். 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்கி உடனே குளிரவைத்த பால் அது. குளிர்ச்சியாக வைத்து அப்படியே குடிக்கலாம்.

முள்ளுக்கத்தரி · காலை 10:38
@நிதானம் சார், அந்த அம்மா பிள்ளைக்குப் பால் இல்லை என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். தொழிற்சாலையிலிருந்து அடுப்பு வரைக்கும் 4 டிகிரியிலேயே வந்தால்தான் நீங்கள் சொல்வது சரி. நம் ஊரில் வேனில் இருந்து இறக்கின ட்ரே நடைபாதையில் கிடக்கிறது. இங்கே காய்ச்சாமல் குடிக்கச் சொல்வது சரியில்லை.

நிதானம் · காலை 10:44
அப்படியானால் பிரச்சினை குளிர்ச்சி, காய்ச்சுவது அல்ல. காய்ச்சினால் பி வைட்டமின்கள் குறையும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

பாலாற்றங்கரை · காலை 10:50
கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அப்படியேதான் இருக்கும். வயிற்றுப்போக்கில் பிள்ளை படுத்தால் போகிற சத்து அதைவிட அதிகம். நான் காய்ச்சித்தான் கொடுப்பேன்.

பசுமைவழி · காலை 10:57
பாக்கெட் பாலை விட்டுத்தள்ளுங்கள் அம்மா. எல்லாம் கெமிக்கல், யூரியா, சோப்புத் தூள். நாட்டு மாட்டு ஏ2 பால் வாங்குங்கள், கெடவே கெடாது. எங்கள் தாத்தா காலத்தில் ஃப்ரிட்ஜா இருந்தது?

அணைக்கட்டுக்காரன் · காலை 11:20
எங்கள் ஊர் பால் சங்கத்தில் டெஸ்டராக வேலை பார்த்தவன். கம்பெனியை மாற்றுவதற்கு முன் பால் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள் அம்மா. அது தெரியாமல் மாற்றினால் புதுப் பாலும் அதே இடத்தில் கெடும்.

சங்கத்தில் கேன் பாலில் சந்தேகம் வந்தால், கொஞ்சம் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துவோம். சாய்த்துப் பார்த்தால் குழாய்ச் சுவரில் மணல் மாதிரி பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும், இல்லையென்றால் மொத்தமாகக் கட்டியாகிவிடும். அந்தக் கேன் திரும்பிப் போய்விடும். வீட்டிலும் இதையே செய்யலாம். பாக்கெட் கைக்கு வந்த நிமிடமே ஓரத்தை வெட்டி இரண்டு ஸ்பூன் பாலைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். அப்போதே திரிந்தால் பால் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிட்டது, உங்கள் ஃப்ரிட்ஜையும் பாத்திரத்தையும் குறை சொல்ல வேண்டாம். அப்போது நன்றாக இருந்து மதியம் திரிந்தால் வீட்டுக்குள் தேடுங்கள்.

இன்னொன்று. திரிந்த பாலை ஊற்றுவதற்கு முன் மோந்து பாருங்கள். புளிப்பு வாடை அடித்தால் வெளிச்சூட்டில் கிடந்த பால். புளிப்பே இல்லாமல் திரிந்தால் காரணம் வேறு: பாஸ்டரைஸ் செய்தும் சாகாமல் தங்குகிற சில கிருமிகள் புளிக்க வைக்காமலேயே பாலைத் திரிய வைக்கும்.

@பசுமைவழி தம்பி, நான் மாடு கட்டின வீட்டில் பிறந்தவன், அதனால் சொல்கிறேன். மடியிலிருந்து வருகிற பால் உடம்புச் சூட்டில் இருக்கும். கிருமி வளர அதைவிடத் தோதான சூடு கிடையாது. கறந்த பாலை அப்படியே வைத்தால் இந்த வெயிலில் சில மணி நேரத்தில் புளிக்கும். அதனால்தான் சங்கங்களில் குளிர்விக்கிற தொட்டி வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் தாத்தா காலத்தில் கறந்த கையோடு காய்ச்சினார்கள், மிச்சத்தை ராத்திரியே உறை ஊற்றினார்கள். கெடுவதற்கு நேரம் கொடுக்கவில்லை.

பசுமைவழி · காலை 11:31
ஏ2 வேறு சார். அதற்கு ஆராய்ச்சி எல்லாம் இருக்கிறது.

நிதானம் · காலை 11:36
ஏ1, ஏ2 என்பது பாலில் இருக்கும் பீட்டா கேசீன் புரதத்தின் வகை. பால் எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஏ1, ஏ2 என்று போட்டு விற்காதீர்கள் என்று சொன்னது.

பாலாற்றங்கரை · காலை 11:41
சொன்ன சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார், பாதி மட்டும் சொல்லக் கூடாது. ஆனால் யூரியா, சோப்புத் தூள் என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவதும் சரியில்லை. அதே ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 மாதிரிகளைச் சோதித்தது, கலப்படம் என்று வந்தவை 12. உண்மையில் கவலைப்பட வேண்டியது அஃப்ளடாக்சின் எம்1. பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் வருவது. அது அதிகம் தென்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாட்டு மாடானாலும் கலப்பின மாடானாலும் பிண்ணாக்கு பூஞ்சை பிடித்திருந்தால் பாலுக்கு வரும். இதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை.

மக்கன்பேடா · காலை 11:45
தீவனம் பற்றித் தனி இழை போடுங்கள் சார், நானும் வருகிறேன். இங்கே அந்த அக்கா ஃப்ரிட்ஜை இன்னும் பார்க்கவில்லை.

சேண்பாக்கம்_சித்தி · மதியம் 12:08
நாங்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுவிடுவோம். திரியவே திரியாது.

அணைக்கட்டுக்காரன் · மதியம் 12:15
வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். சோடா புளிப்பை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. பால் கெட்டுப்போனது கெட்டதுதான், உங்களுக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். விற்கிறவர் பாலில் சோடா கலந்தால் அது கலப்படம் என்றே கணக்கு. பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி_அம்மா · மதியம் 1:30
எல்லோருக்கும் நன்றி, இப்போதுதான் பார்க்கிறேன். பச்சை பாக்கெட், அரை லிட்டர் இரண்டு. பிள்ளைக்கு நாலு வயது. பால் போடும் தம்பி விடிவதற்கு முன்பே கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார், நாங்கள் எடுக்க ஆறரை ஏழு ஆகும். ஒன்றைக் காலையில் காய்ச்சுவோம், இன்னொன்று ஃப்ரிட்ஜில் இருந்து மதியத்துக்கு. மதியம்தான் அதிகம் திரியும், இன்றைக்குக் காலையிலேயே. புளிப்பு வாடை இருந்தது. இஞ்சி போடவில்லை. பாத்திரம் பாலுக்கு மட்டும்தான்.

கோட்டைவாசல் · மதியம் 1:37
அப்படியானால் பை. விடிகாலையில்கூட மே மாதத்தில் இங்கே நல்ல புழுக்கம். இரண்டு மணி நேரம், அதற்கு மேலும் அந்தப் பையில் கிடக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு வெளியே பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் சூடு என்றால் ஒரு மணி நேரம்தான் என்று உணவுப் பாதுகாப்பில் சொல்வார்கள். கேட் கிழக்குப் பார்த்ததா? வெயில் விழுமா?

மக்கன்பேடா · மதியம் 1:42
பை ஒரு காரணமாக இருக்கலாம். ஃப்ரிட்ஜையும் விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் எடுக்கிறார்கள். கதவைத் திறக்காமல் இருந்தாலே நாலு மணி நேரம்தான் ஃப்ரிட்ஜ் தாங்கும்.

அணைக்கட்டுக்காரன் · மதியம் 1:58
இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். நாளைக்குப் பூத்தில் வண்டி வந்து ட்ரே இறக்கும்போதே நீங்களோ வீட்டுக்காரரோ நின்று ஒரு பாக்கெட் வாங்குங்கள். கையில் ஜில்லென்று இருக்கணும், வெளியே வியர்த்திருக்கணும். நேராக வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வையுங்கள், மதியம் காய்ச்சுங்கள். திரியவில்லை என்றால் ஃப்ரிட்ஜில் குறையில்லை, பையில்தான் குறை. திரிந்தால் மக்கன்பேடா தம்பி சொல்வது சரி. அதுவரைக்கும் பையில் வருகிற இரண்டு பாக்கெட்டையும் எடுத்த உடனே சேர்த்துக் காய்ச்சிவிடுங்கள். பொங்கி வந்த பிறகும் சிறு தீயில் கொஞ்ச நேரம் விட்டு, பாத்திரத்தைத் தண்ணீரில் உட்காரவைத்து ஆற்றி, மூடி உள்ளே வையுங்கள். காய்ச்சாத பாலாக மதியம் வரை வைக்காதீர்கள்.

வாலாஜா_டீக்கடை · மதியம் 2:10
மாற்று கேட்டிருந்தீர்கள், யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பச்சையை விட்டு ஆரஞ்சு வாங்கினால் கெடாது என்று நினைக்காதீர்கள். பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6, நீலத்தில் 3. வித்தியாசம் ருசியிலும் விலையிலும்தான். டெட்ரா பேக் பால் 135 டிகிரிக்கு மேல் சில வினாடி சூடாக்கிக் கிருமி புகாத பெட்டியில் அடைத்தது, பிரிக்காத வரைக்கும் ஃப்ரிட்ஜே வேண்டாம், மாசக்கணக்கில் இருக்கும். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரண பால்தான், ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடிக்கணும். லிட்டருக்கு விலை கூட, அதனால் தினமும் கட்டுப்படியாகாது. இரண்டு பெட்டி வாங்கி அலமாரியில் வைத்தால் பால் திரிந்த காலையில் பிள்ளைக்கு ஆகும். பவுடர் என்றால் முழு கொழுப்புப் பால் பவுடராகப் பாருங்கள், டீக்கு வெள்ளையாக்கப் போடுகிற பவுடர் வேறு, அது பால் இல்லை. ஒரு லிட்டருக்கு 125 கிராம் சுமாராகக் கரைத்தால் பால் அளவுக்கு வரும். காய்ச்சி ஆறிய தண்ணீரில், வேண்டிய அளவுக்கு மட்டும் கரையுங்கள்.

நிதானம் · மதியம் 2:25
முதல் பதிவிலேயே பையைப் பற்றி எழுதியிருந்தால் இத்தனை பதிவு தேவைப்பட்டிருக்காது.

ஆரணிப்பட்டு · மதியம் 2:31
தினமும் அங்கேதான் பால் வருகிறது, அதைப் போய் யார் பிரச்சினை என்று நினைப்பார்கள் சார்? எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே பைதான்.

சத்துவாச்சாரி_அம்மா · மறுநாள் மாலை 6:15
பூத்தில் வாங்கிய பால் மதியம் காய்ச்சியும் திரியவில்லை. பையில் வந்ததில் இரண்டு ஸ்பூன் கொதிக்க வைத்தேன், பொடிப்பொடியாக வந்தது. பால் போடும் தம்பியிடம் மணி அடித்துக் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டோம். டெட்ரா பேக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். நன்றி.

மக்கன்பேடா · மாலை 6:22
ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா அக்கா? எவ்வளவு காட்டியது?

குடியாத்தம்_நெசவு · இரவு 9:05
எங்கள் வீட்டில் வேறு மாதிரி. பால் திரிவதில்லை, புளிப்பதும் இல்லை, ஆனால் இரண்டாம் நாள் காய்ச்சினால் கசக்கிறது. ஃப்ரிட்ஜ் புதுசு, நல்ல ஜில்லென்று இருக்கிறது. பால் பெட்டிக்கடையில் சாயங்காலம் வாங்குவது.

அணைக்கட்டுக்காரன் · இரவு 9:20
குளிரிலேயே வளர்கிற கிருமிகள் உண்டு. பால் குளிர்ச்சியாகவே ரொம்ப நாள் இருந்தால் அவை புரதத்தை உடைக்கும், கசப்பு அதிலிருந்து வரும். கொதிக்க வைத்தாலும் கசப்பு போகாது, அந்தப் பாலைக் குடிக்க வேண்டாம். கடையில் நீங்கள் வாங்கும்போதே பாக்கெட் பழசாக இருக்கலாம். பாக்கெட்டில் என்ன தேதி அச்சாகியிருக்கிறது, வாங்கிய அன்று என்ன தேதி? இரண்டையும் எழுதுங்கள்.