ஈடிடிஏ கலந்த கரைசலில் வைத்த டிஎன்ஏ, பிசிஆர் வினையைத் தடுப்பது ஏன்?

கேள்வி: ஆய்வு மாணவி

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். இரத்த மாதிரிகளிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏவை, 10 மில்லிமோலார் டிரிஸும் 1 மில்லிமோலார் ஈடிடிஏவும் கொண்ட டிஇ தாங்கல் கரைசலில் வைத்திருக்கிறேன். 25 மைக்ரோலிட்டர் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு படியெடுக்கும் வினை) கலவையில் அதிலிருந்து 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால், டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் தெளிவாகத் தெரிகிறது. செறிவு குறைந்த மாதிரிகளுக்கு 10 மைக்ரோலிட்டர் சேர்த்துப் பார்த்தேன், பட்டையே இல்லை. ஈடிடிஏதான் காரணம் என்று உடன் பயில்பவர்கள் சொல்கிறார்கள். டிஎன்ஏவைக் காப்பதற்காகச் சேர்க்கும் பொருளே வினையைக் கெடுப்பது எப்படி? இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலும் இதுதான் இருக்கிறது என்கிறார்கள். அங்கே இதன் வேலை என்ன?

மறுமொழி: மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர்

காப்பதும் கெடுப்பதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். ஈடிடிஏ ஒரு கொடுக்கிணைப்பு ஈனி. இரண்டு நைட்ரஜன், நான்கு கார்பாக்சிலேட்டு என ஆறு இடங்களில் ஓர் உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவைத் துண்டாக்கும் டிஎன்ஏஸ் நொதிகளுக்கு மெக்னீசியம் போன்ற அயனிகள் வேண்டும் என்பதால், அவற்றைப் பிடித்து வைப்பதன் மூலம் டிஇ கரைசல் உங்கள் மாதிரியைக் காக்கிறது. பிசிஆரில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேசுக்கும் அதே மெக்னீசியம்தான் வேண்டும். ஆகவே அந்தக் கரைசலை அதிகமாக ஊற்றும்போது பாலிமரேசின் பங்கையும் பறித்துவிடுகிறீர்கள்.

உங்கள் எண்களையே கணக்கிட்டுப் பாருங்கள். மெக்னீசியத்தின் செறிவு 1.5 மில்லிமோலார் என்றால், 25 மைக்ரோலிட்டரில் இருப்பது 37.5 நானோமோல். டிஎன்ஏவைக் கட்டும் மூலப்பொருள்களான நான்கு டிஎன்டிபிகளும் தலா 0.2 மில்லிமோலார் என்று கொண்டால் மொத்தம் 20 நானோமோல். அவையும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக மெக்னீசியத்தைப் பிணைக்கும். மீதி 17.5. நீங்கள் சேர்த்த 10 மைக்ரோலிட்டர் டிஇயில் 10 நானோமோல் ஈடிடிஏ வருகிறது. கடைசியில் நொதிக்குக் கிடைப்பது 7.5 நானோமோல், அதாவது சுமார் 0.3 மில்லிமோலார் மட்டுமே. 1 மைக்ரோலிட்டர் சேர்த்தபோது இழப்பு வெறும் 1 நானோமோல்தான் என்பதால் அப்போது பட்டை வந்தது.

ஆனாலும் கணக்கை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம். டிஎன்ஏவோடு கூடவே வந்த, இரத்தத்தின் சிவப்பு நிறமியில் உள்ள ஹீமும் பிசிஆரைத் தடுக்கக்கூடியது. நன்றாக வேலை செய்யும் ஒரு மாதிரியில் 1 மைக்ரோலிட்டர் எடுத்து, அதோடு டிஎன்ஏ இல்லாத வெறும் டிஇ 9 மைக்ரோலிட்டர் சேர்த்து ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் ஈடிடிஏதான் காரணம். மறையாவிட்டால் உங்கள் மாதிரியில் வேறு தடுப்பான் இருக்கிறது. ஈடிடிஏ என்று உறுதியானால், அதன் அளவை 0.1 மில்லிமோலாராகக் குறைத்த டிஇ கரைசலுக்கு மாறுவதே நல்லது. மெக்னீசியத்தைக் கூட்டியும் சமாளிக்கலாம். ஆனால் அது மிகுந்துவிட்டால் தேவையற்ற பட்டைகள் தோன்றும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மறுமொழி: மருத்துவ ஆய்வக நுட்புநர்

ஊதா மூடிக் குழாயைப் பற்றிச் சொல்கிறேன். இரத்தம் உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. குழாயின் உட்சுவரில் பூசியுள்ள ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உறைதல் நின்றுவிடுகிறது. செல்களின் வடிவமும் கெடாமல் இருப்பதால் அணுக்களை எண்ண இந்தக் குழாயையே பயன்படுத்துகிறோம்.

இதில் ஒரு தவறு நேர்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊதாக் குழாயில் எடுத்த இரத்தத்தில் கொஞ்சத்தை யாரோ சீரம் குழாயில் ஊற்றியிருந்தார்கள். அறிக்கையில் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. கால்சியம் அடியோடு இறங்கியிருந்தது. நோயாளியோ இயல்பாக அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். துத்தநாகத்தை நம்பியிருக்கும் ஆல்கலைன் பாஸ்படேசு நொதியின் அளவும் தாழ்ந்திருந்ததைக் கண்டபின்தான் ஈடிடிஏ கலந்துவிட்டதை உறுதிசெய்தோம். இம்மூன்றும் ஒருசேர மாறியிருந்தால், சிகிச்சையைத் தொடங்கும் முன் மாதிரியை மீண்டும் எடுக்கச் சொல்வது நம் கடமை. சிலருடைய இரத்தத்தில் ஈடிடிஏ இருந்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். அப்போது சிட்ரேட்டுக் குழாயில் எடுத்து மறுபடி எண்ண வேண்டும்.

ஈய நச்சுக்கு மருந்தாகக் கொடுப்பது ஈடிடிஏவின் கால்சியம் டைசோடியம் உப்பு. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பதைவிட ஈயத்தை ஒரு கோடி மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிப்பதால், கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தை ஏந்திக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. பெயரில் ஒரே ஒரு சொல் குறைந்த டைசோடியம் உப்போ உடலின் கால்சியத்தையே பறித்துவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இவ்வகையில் கால்சியம் குறைந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். புட்டியின் பெயரை இருமுறை படியுங்கள் என்று புதிதாக வருவோரிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடர் கேள்வி: ஆய்வு மாணவி

இருவருக்கும் நன்றி. வெறும் டிஇ சேர்த்துப் பார்த்தேன். பட்டை மறைந்துவிட்டது, ஆகவே காரணம் உறுதியாயிற்று. அடுத்த கட்டத்தில், செல் வளர்ப்பு ஊடகத்தில் மெக்னீசியத்தை விட்டுவைத்துக் கால்சியத்தை மட்டும் நீக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஈடிடிஏவே போதுமா?

மறுமொழி: உயிர்வேதியியல் ஆசிரியர்

போதாது, அதைப் போன்ற இன்னொரு கொடுக்கிணைப்பு ஈனியான இஜிடிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈடிடிஏ கால்சியத்தை மெக்னீசியத்தைவிட நூறு மடங்குதான் விரும்புகிறது. இஜிடிஏவில் அந்த வேறுபாடு பல இலட்சம் மடங்கு. ஆனால் நடுநிலைப் பிஎச் அளவில் இஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது இரண்டு புரோட்டான்களை வெளிவிடும் என்பதால், ஊடகத்தின் பிஎச் இறங்கும், பிஎச் 0.2 இறங்கினாலே அதன் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். எனவே இஜிடிஏவைச் சேர்த்தபின் பிஎச்சை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். செல்லுக்குள்ளே நொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழும் கால்சிய மாற்றங்களை அடக்க வேண்டுமானால், வேதியியலாளர் ரோஜர் சியன் 1980இல் வடிவமைத்த பாப்டா என்ற ஈனி பொருத்தமானது. அது மிக வேகமாகப் பிடிக்கும், பிஎச் மாற்றத்துக்கும் அவ்வளவாக அசையாது. இன்னொன்று: கால்சியம் குறைந்தால் செல்களைப் பிணைத்து வைக்கும் கேடெரின் புரதங்கள் தளரும். டிரிப்சினோடு ஈடிடிஏ சேர்த்துச் செல்களைத் தட்டிலிருந்து பெயர்ப்பதும் இதை வைத்துத்தான். உங்கள் செல்கள் சோதனையின் நடுவே உருண்டு மிதந்தால் இறந்துவிட்டன என்று எண்ணிக் கொட்டிவிடாமல், கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்து அவை மீண்டும் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள்.