யூதாஸின் கால்கள் கழுவப்பட்டனவா?

நெல்லை விசுவாசி:
வெள்ளத்தின்போது எங்கள் சபையில் சமைத்த சோற்றை யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். ஆலயத்துக்கு எதிராக மனுக் கொடுத்தவரும் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார். விசுவாசக் குடும்பத்தாருக்கு, அதாவது சக விசுவாசிகளுக்கு, விசேஷமாக நன்மை செய்யுங்கள் என்கிறது வேதத்தில் கலாத்தியர் 6:10. இயேசுவே சீஷருடைய கால்களைத்தானே கழுவினார்? அதிலும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கிடையாது.

வேலூர் செவிலி:
கடைசி வாக்கியத்தை எங்கே படித்தீர்கள் ஐயா? யோவான் 13ஐ எடுங்கள். கழுவி முடித்து அவர் திரும்ப உட்காருவது 12ஆம் வசனம். யூதாஸ் எழுந்து வெளியே போவது 30ஆம் வசனம். நடுவிலுள்ள பதினேழு வசனமும் அவன் எங்கே இருந்தான்? காலை மடக்கி ஒளித்துக்கொண்டா இருந்தான்?

நெல்லை விசுவாசி:
5ஆம் வசனத்தில் "தொடங்கினார்" என்றுதான் இருக்கிறது அம்மா. தொடங்கினார். அத்தனை பேருக்கும் கழுவினார் என்று எங்கே இருக்கிறது? மேலும் 11இல், எல்லாரும் சுத்தமுள்ளவர்கள் அல்ல என்கிறார். கழுவாத கால் ஒன்று இருந்ததால்தானே?

வேலூர் செவிலி:
பந்தி பரிமாறத் தொடங்கினார்கள் என்றால் கடைசி இலைக்குச் சோறு விழவில்லை என்று அர்த்தமா? அழுக்கு அவன் காலில் இல்லை, மனதில். அது தெரிந்தே கழுவினார்.

மறைக்கல்வி ஆசிரியர்:
எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்திலும் "தொடங்கினார்" உண்டு. அதனால் யூதாசை யாரும் விலக்கவில்லை. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் ஒரு முஸ்லிம் பெண்ணும் இருந்தாள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

நெல்லை விசுவாசி:
போப்பு செய்ததெல்லாம் எனக்கு வேதமாகாது. உங்கள் மொழிபெயர்ப்பில் "குவளையில்" தண்ணீர் எடுத்தார் என்று போட்டிருக்கிறார்கள். குவளைக்குள் யாராவது காலை விடுவார்களா? எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அழகாகப் "பாத்திரம்" என்றிருக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியர்:
குவளையால் மொண்டு ஊற்றலாம். வீட்டில் நீங்கள் குளிப்பதில்லையா? கிறிஸ்துமஸ் தேதி விவாதத்திலும் இப்படித்தான், தோற்கும்போது எங்கள் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நெல்லை விசுவாசி:
அன்றைக்குப் பதில் சொல்லாமல் ஓடியது நானா?

வேலூர் செவிலி:
குவளையை விடுங்கள். எங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படிக்கப் போனதன் காரணம் தெரியுமல்லவா? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளில் பிரசவச் சிக்கல். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்றார்கள், அம்மையாரோ அப்போது மருத்துவர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஒரு பிராமணர் வீடு, ஒரு முஸ்லிம் வீடு, இன்னொரு இந்து வீடு. விசுவாசக் குடும்பம் ஒன்றுகூட இல்லை.

நான் தொழுநோய்ப் பிரிவில் கால் கழுவியவள். உணர்ச்சி செத்த பாதம், முள் குத்தினாலும் தெரியாது. அதைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். விரலிடுக்கில் ஒருமுறை மாட்டுவண்டி ஆணி இருந்தது. அவர் அதோடு மூன்று நாள் நடந்திருக்கிறார். இயேசு கால் கழுவியதை ஆலயத்தில் நினைவுகூரும் பெரிய வியாழனன்று வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு வருகிற பன்னிரண்டு கால்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நெல்லை விசுவாசி:
வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாதாம். இங்கே இரண்டு கையும் சேர்ந்து மேளம் அடிக்கின்றன. நான் உங்கள் பணிச் சான்றிதழைக் கேட்கவில்லை. யூதாஸின் காலைப் பற்றிக் கேட்டேன்.

வேலூர் செவிலி:
முப்பதாம் வசனம்.

நெல்லை விசுவாசி:
தொடங்கினார்.

வேலூர் செவிலி:
மனுக் கொடுத்தவருக்குச் சோறு போட்டீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

நெல்லை விசுவாசி:
போட்டோம். கரண்டி என் கையில் இல்லை.

மறைக்கல்வி ஆசிரியர்:
குவளை விஷயத்தில் இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.