தூண்டில் வளைவு: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

கரையூர் மகள்:

வணக்கம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். என் தாத்தா காலத்தில் பெரியவலை இழுத்து, மீன் உலர்த்தி, படகுகளையும் ஏற்றி வைத்த மணற்பரப்பில் இன்று ஒரு படகை நிறுத்தக்கூட இடமில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் அலை எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், அமைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாக இப்போது ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். "கல் வந்தால் போதும், கேள்வி கேட்டு வருகிற திட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள்" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்துக் களைத்த அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது எங்களுக்கு வடக்கே உள்ள குப்பத்தில். எங்கள் கரையில் கல்லைக் கொட்டினால் அவள் வீட்டு வாசலில் என்ன நடக்கும்? இதைக் கூட்டத்தில் எப்படிக் கேட்பது, கேட்டது பதிவாகிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்கணக்கு:

அம்மா, அந்தக் கூட்டத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கடலோரக் கட்டுமானப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன; வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கு நோக்கியே. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டதும் இந்த மணல் அவற்றின் தெற்குப் பக்கத்திலேயே தங்கியது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கும் கல் கொட்டினால் அதற்கு வடக்கே மீண்டும் அரிப்பு. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடலரிப்பு வரிசையாக மேலேறியது இப்படித்தான். சென்னையிலும் 1870களில் துறைமுகப் பணி தொடங்கிய பின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அழிந்தது.

தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடிக்கும் என்பதால் உங்கள் ஊருக்குப் பலன் உண்டு. ஆனால் அப்படிப் பிடித்த மணல் உங்கள் அக்கா ஊருக்குப் போயிருக்க வேண்டியது. ஆகவே, ஆய்வு கடைசி வளைவோடு முடிகிறதா, அதற்கு வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை செய்யப்பட்டது, எந்தெந்த மாதங்களில் அளந்தார்கள் என்று கேளுங்கள். வளைவுகளுக்கு இடையே தொடக்கத்திலேயே மணல் நிரப்பப்போகிறார்களா, துறைமுக முகத்தில் தூர்வாரும் மணலை வடக்குக் கரையில் சேர்க்கத் தொடர்ச்சியான ஏற்பாடு உண்டா என்பவையும் முக்கியம். கல்லைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொன்னால், புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் 2018இல் அமைத்த செயற்கைத் திட்டையும் அதன் பிறகு அங்கே மீண்ட மணலையும் எடுத்துக்காட்டுங்கள். அதன் வடக்கு விளைவையும் அளந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

தெண்டி:

தங்கச்சி, மேலே ஐயா சொன்னதை எங்கள் அப்பா வேறு சொற்களில் சொல்வார். கடல் நீரோட்டத்தைத்தான் நாம் வெள்ளம் என்போம். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி வெள்ளம், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி வெள்ளம்; எந்த வெள்ளத்தில் எந்த இடத்தில் கரை ஏறும், எங்கே இறங்கும் என்பதைத் தினமும் பார்ப்பவர்கள் நாம். இதை வெறும் அனுபவப் பேச்சாக விட்டுவிடாமல், எந்த ஆண்டில் எந்த வீட்டு வரிசை போனது, கோயிலிலிருந்து கடல் எத்தனை பாகம் (இரு கைகளையும் விரித்த அளவு) தள்ளியிருந்தது என்று பழைய புகைப்படங்களோடு எழுதிக் கொடுங்கள்.

பெரியவர்களிடமும் கோபப்படாதீர்கள். வீட்டுச் சுவர் விழுந்தவரிடம் போய் மணல் கணக்குப் பேசுவது கடினம். அவருக்கு இந்த மழைக்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் கரை நெடுகக் கற்சுவர் எழுந்தால் ஃபைபர் படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே உலர்த்துவது, பெண்கள் எங்கே உட்கார்ந்து மீன் ஏலம் விடுவது? கடல் சீறும்போது கல்லுக்கு நடுவே படகைக் கொண்டு வருவது உயிருக்கே ஆபத்து. படகு இறங்கும் வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மனு எழுதுபவர்:

கூட்டம் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் நடப்பது என்றால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கையின் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமை, நிகழ்வு முழுவதற்கும் ஒளிப்பதிவு ஆகியவை கட்டாயம். பேசியவற்றை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டவும் வேண்டும். நேரில் பேசாதவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். அந்த அறிவிக்கையில் வராமல் துறை தானாக நடத்தும் கலந்தாய்வு என்றால் இவற்றில் எதையும் உறுதியாக எதிர்பார்க்க முடியாது. அப்போது மனுவை இரண்டு படிகளாகக் கொண்டுபோய் ஒன்றில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஆய்வறிக்கையையும் கூட்டக் குறிப்பையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கரையில் தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் மாறி மாறி வருகின்றன. பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம், அடுத்துள்ள பிள்ளைச்சாவடி புதுச்சேரி. உங்கள் அக்கா ஊர் எல்லைக்கு அப்பால் இருந்தால் இந்தக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைக்காமலே போகலாம். அவர்களையும் சேர்த்துக் கூட்டு மனுவாகக் கொடுங்கள். அடுத்து வரும் கிராம சபையிலும் தீர்மானமாக வையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய சொல்லை ஒதுக்குவது எளிதன்று.

கரையூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒட்டிய அறிவிப்பை மீண்டும் போய்ப் படித்தேன். எந்தச் சட்டத்தின்கீழ் என்று அதில் ஒரு வரியும் இல்லை. நாளை அதை எழுத்தில் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள் என்பதால் அக்கா ஊர்ப் பஞ்சாயத்தாரை எங்கள் ஊருக்கு அழைத்திருக்கிறேன். எங்கள் பெரியவர்களில் இருவர் உட்கார்ந்து பேசச் சம்மதித்திருக்கிறார்கள். படகு இறங்கும் வழியை அவர்களே வரைந்து தருவதாகச் சொன்னார்கள்.